கழித்துப்போட்ட செல்கள்

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக உண்டு. ஒருவர் செம்புக் கம்பிக்காக மோட்டாரைப் பிளப்பார். இன்னொருவர் கம்ப்யூட்டர் போர்டுகளை மட்டும் பிடுங்கி மூட்டை கட்டுவார். மிச்சமாகிற பேட்டரிகளை யாரும் சீந்தமாட்டார்கள். சாக்கடை ஓரத்தில் கொட்டிவிட்டுப் போவார்கள். அவற்றைப் பொறுக்கிக்கொண்டு வந்து தொழில் நடத்தியவர் ஒரே ஒருவர்தான். அவருக்குப் பேட்டரிக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர் மனைவிகூட வெளியாட்களிடம், "எங்க வீட்டு பேட்டரிக்காரர் இன்னும் வரல" என்று கேலியாகத்தான் சொல்வாள்.

அவர் செய்த வேலை இதுதான். லேப்டாப் பேட்டரியின் பிளாஸ்டிக் ஓட்டை உடைத்தால் உள்ளே விரல் தடிமனில் உருளை உருளையாகச் செல்கள் இருக்கும். அவற்றைப் பிரித்தெடுத்து, சோதித்து, நல்லதை மட்டும் சேர்த்து, நீலத்தாள் சுற்றி ஒரு பெட்டியாக்கிவிடுவார். கரண்ட் போனால் அந்தப் பெட்டியில் ஒரு மின்விசிறியும் இரண்டு விளக்கும் ஓடும்.

"செத்த லேப்டாப்புக்குள்ள ஆறு செல் இருந்தா ஆறுமா செத்திருக்கும்?" என்று கடைக்கு வருகிறவர்களிடம் கேட்பார். "ரெண்டு போயிருக்கும். மிச்சம் நாலும், மயங்கிக் கெடக்குறவனைப் பொணம்னு தூக்கிட்டுப் போற மாதிரி, குப்பைக்குப் போகுது."

சோதனை விஷயத்தில் மட்டும் ஆள் கறார். செல்லை முழுக்க சார்ஜ் ஏற்றி, அலமாரியில் வாரக்கணக்கில் சும்மா வைத்திருப்பார். பிறகு மீட்டரை வைத்துப் பார்ப்பார். தானாக வடிந்துபோன செல், சார்ஜ் ஏறும்போது சூடாகிற செல் எல்லாம் கழிவு. கழித்த செல்லின் அடிப்பக்க இரும்பில் திருப்புளியால் ஒரு பெருக்கல் குறி கீறி, மூலையில் மணல் நிரப்பி வைத்திருந்த டிரம்முக்குள் புதைத்துவிடுவார். டிரம் நிறைந்ததும் ஊருக்கு வெளியே இருந்த உலோகத் தொழிற்சாலையிலிருந்து வண்டி வந்து எடுத்துப்போகும்.

கூட வேலை செய்தவன் மனைவியின் தம்பி. கைவேகம் அதிகம். வாய் அதைவிட வேகம். அவர் ஒரு பெட்டி கட்டி முடிப்பதற்குள் அவன் இரண்டு கட்டிவிட்டு, டீயும் குடித்துவிட்டு வந்து நிற்பான்.

"மாமா, ஜனங்க வாசல்ல வேர்த்து வடிஞ்சு நிக்கிறாங்க. நீங்க என்னடான்னா செல்லைத் தாலாட்டித் தூங்கவச்சு, அது எப்ப எந்திரிக்கும்னு பாத்துக்கிட்டு இருக்கீங்க."

"தூங்குனாத்தான்டா அதோட குணம் தெரியும்."

"எனக்கும் அப்படித்தான் மாமா. ஒரு மாசம் தூங்கவிட்டுப் பாருங்க, என் குணமும் தெரியும்."

இப்படிச் சிரித்துக்கொண்டே போன கடை அது.

அந்த வருடம் கோடை தொடங்கும் முன்பே கரண்ட் போக ஆரம்பித்தது. மதியம் போனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பேட்டரிப் பெட்டிக்கு அப்படியொரு கிராக்கி. சரியாக அந்த நேரம் பார்த்துப் பேட்டரிக்காரருக்கு மஞ்சள் காமாலை வந்து படுக்கையில் தள்ளியது. மச்சினன் தனியாளாகக் கடையைப் பார்த்துக்கொண்டான். தினமும் வந்து, "எல்லாம் நல்லாப் போகுது மாமா, நீங்க எந்திரிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போவான்.

உடம்பு தேறி அவர் கடைக்குப் போனபோது அலமாரி காலியாக இருந்தது. செய்த பெட்டிகள் எல்லாம் விற்றுப்போயிருந்தன. பயல் பரவாயில்லை, தலையெடுத்துவிட்டான் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார். மூலையில் இருந்த டிரம்மை அவர் எட்டிப் பார்க்கவில்லை.

இரண்டு தெரு தள்ளி ஒரு தையல்காரம்மா இருந்தாள். ஒரே அறை. முன்பாதியில் தையல் இயந்திரமும் துணி வெட்டும் மேசையும். திரைக்குப் பின்னால் கட்டில். கணவர் ஒரு கிடங்கில் இரவுக் காவல். பகலில் தூங்குவார். அவள் வெளியே போகும்போது கதவை வெளிப்பக்கம் பூட்டிக்கொண்டு போவது வழக்கம். இல்லாவிட்டால், "ஜாக்கெட் தச்சாச்சா?" "பட்டன் வச்சாச்சா?" என்று யாராவது கதவைத் தட்டி அவர் தூக்கத்தைக் கெடுத்துவிடுவார்கள்.

அன்று மதியம் கரண்ட் இல்லை. தைத்து முடித்த பள்ளிச் சீருடைகளைக் கொடுக்கப் போனாள். அவள் பள்ளிக்கூட வாசலில் நிற்கும்போது கரண்ட் திரும்பி வந்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அவள் வீட்டு ஜன்னலிலிருந்து புகை வந்தது. அக்கம்பக்கத்தார் கடப்பாறையால் பூட்டை உடைத்து உள்ளே போனார்கள். கணவர் கட்டிலில் இல்லை. கதவுக்கு அருகில் கிடந்தார். தீக்காயம்கூட அதிகம் இல்லை. புகையே போதுமாக இருந்திருக்கிறது.

தீயணைக்க வந்தவர்கள் மேசைமேல் கருகிக் கிடந்த அயர்ன் பாக்ஸைப் பார்த்தார்கள். அதன் வயர் சுவரில் செருகியபடியே இருந்தது. அவ்வளவுதான், முடிவாகிவிட்டது. கரண்ட் இல்லாத நேரத்தில் அயர்ன் பாக்ஸின் சுவிட்சைப் போட்டபடியே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். கரண்ட் வந்ததும் துணி பற்றிக்கொண்டது. பூட்டு வேறு போட்டிருக்கிறாள். "அநியாயமா ஒரு உசிரை உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போயிட்டா" என்று தெரு பேசியது. அவள் காதுபடவே பேசியது.

"நான் அணைச்சேன்" என்று முதல் நாள் அவள் எல்லாரிடமும் சொன்னாள். அடுத்த நாள், "அணைச்சேன்னுதான் நெனைக்கிறேன்" என்றாள். பிறகு எதுவும் சொல்லவில்லை.

அறையைத் துப்புரவு செய்யத் தெருக்காரர்கள் சேர்ந்து போனபோது பேட்டரிக்காரரும் மண்வெட்டியோடு போனார். அவருக்கு அவள் பழக்கம்தான். அவர் சட்டைக்கெல்லாம் நைந்த காலரைத் திருப்பித் தைத்துக் கொடுத்தவள். மேசைக்குக் கீழே சாம்பலை வாரும்போது மண்வெட்டியில் ஏதோ கலகலத்தது. குனிந்து பார்த்தார். செல்கள். வாய் பிளந்து, உள்ளே இருந்ததைக் கக்கிவிட்டு வெறும் கூடாகக் கிடந்தன. சில எகிறிப்போய்ச் சுவரோரம் கிடந்தன. ஒன்று கட்டிலுக்கு அடியில் வரை போயிருந்தது.

தீயில் அவள் வாங்கி வைத்திருந்த பேட்டரிப் பெட்டியும் வெந்திருக்கும், அதில் ஆச்சரியம் இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டே ஒன்றைக் கையில் எடுத்தார். பழக்கதோஷத்தில் கட்டைவிரலால் அடிப்பக்கத்தைத் துடைத்தார். கரி விலகியதும் பெருக்கல் குறி தெரிந்தது.

அவர் போட்ட குறி. இடது கோடு எப்போதும் கொஞ்சம் நீளமாக இருக்கும்.

இன்னொன்றை எடுத்துத் துடைத்தார். அதிலும் இருந்தது. மூன்றாவதை எடுக்கவில்லை. இரண்டையும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "தலை சுத்துது" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தார். காமாலை வந்த உடம்பு, வெயில் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

கடையில் மச்சினன் பற்றவைப்புக் கருவியோடு உட்கார்ந்திருந்தான். அவர் நேராக மூலைக்குப் போய் டிரம்முக்குள் கையை விட்டுத் துழாவினார். முழங்கை வரை மணல். அதற்குக் கீழேயும் மணல்தான்.

"டிரம்ல இருந்ததெல்லாம் எங்கடா?"

"வண்டி வந்து..." என்று ஆரம்பித்தவன் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

இரண்டு செல்களையும் அவன் முன்னால் வைத்தார். அவன் அதைத் தொடவில்லை.

"எங்கருந்து எடுத்தீங்க?"

"தையல்காரம்மா வீட்டுச் சாம்பல்ல."

அவன் கருவியின் சுவிட்சை அணைத்தான்.

"செல்லு தீந்துபோச்சு மாமா. ஆர்டர் மேல ஆர்டர். டிரம்ல கெடந்ததை எடுத்து, நல்ல செல்லோட சேத்துக் கொஞ்சம் கரண்டு குடுத்துப் பாத்தேன். ஏறிச்சு. மீட்டர்ல புதுசு மாதிரியே காட்டிச்சு. குப்பைக்குப் போறதுல பாதி நல்லாத்தான் இருக்குன்னு நீங்கதானே சொல்லுவீங்க? நீங்க பயந்துக்கிட்டு சும்மா கழிக்கிறீங்கன்னு நெனச்சுட்டேன்."

"சும்மாவாடா குறி போடுறேன்?"

"கரண்டு வந்து வந்து போகும்போது இப்படி ஆகும்னு எனக்கு என்ன தெரியும்?"

"எத்தனை பெட்டியில போட்ட?"

"நெனவில்ல மாமா. ஒரு பெட்டிக்கு ரெண்டு மூணுன்னு, நல்லதோட கலந்து... பத்துப் பதினஞ்சு பெட்டி இருக்கும். கூடவும் இருக்கலாம்."

அவர் கை ஓங்கினார். அடிக்கவில்லை. எல்லாப் பெட்டியும் ஒரே நீலத்தாள். வெளியிலிருந்து பார்த்தால் எது நல்லது, எது எமன் என்று அவராலேயே சொல்ல முடியாது.

வீட்டில் மனைவி விஷயத்தைக் கேட்டதும் முதலில் கதவைச் சாத்தினாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"அந்தம்மா தலையில பழி விழுந்திருக்கு. அது தெரியுமா உனக்கு?"

"தெரியும். பாவம்தான். போன மனுஷன் திரும்பி வரப்போறதில்லை. இவனைத் தூக்கி உள்ள போட்டா வந்துடுவாரா? என் அம்மா போகும்போது இவன் கையைப் புடிச்சு என் கையில குடுத்துட்டுப் போனா. நான் என்ன பதில் சொல்லுவேன்?"

எதிரில் உட்கார்ந்திருந்த மச்சினன் வாயைத் திறக்கவில்லை. அவன் அப்படி வாயடைத்துப்போய் அவர் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலையில் அவர் ஒரு தள்ளுவண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். யார் யாருக்கு விற்றது என்று மச்சினனுக்கு நினைவிருந்த வரையில் கேட்டு வைத்திருந்தார். மற்றபடி ஜன்னலில் நீலம் தெரிகிற வீடெல்லாம் தட்டினார். "சின்னதா ஒரு சர்வீஸ் பண்ணணும், குடுங்க. ரெண்டு நாள்ல திருப்பித் தரேன்" என்றார்.

ஓடுகிற பெட்டியை யாரும் கொடுக்கவில்லை.

முடிதிருத்துகிறவர் சிரித்தார். "நல்லா ஓடுற சாமானுக்கு எதுக்குய்யா சர்வீஸ்? நீ எடுத்துட்டுப் போயிட்டா நான் இருட்டுல யார் காதை அறுக்கறது?" ஒரு வீட்டில் கைக்குழந்தைக்காரி, "இந்த வெக்கையில புள்ள ஃபேன் இல்லாம தூங்காதுங்க. மழை வரட்டும், நானே கொண்டாந்து தரேன்" என்று கெஞ்சினாள். பெட்டி தொட்டிலுக்குக் கீழேயே இருந்தது. உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. மனைவியின் முகம்தான் வந்தது. "சார்ஜ் போட்டுட்டு வெளிய போகாதம்மா. தயவுசெஞ்சு தொட்டிலைத் தள்ளிப் போடு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். அவள் தலையாட்டினாள். தள்ளிப் போட்டாளா என்று தெரியாது.

மாலையில் வண்டியில் ஒரே ஒரு பெட்டி இருந்தது. அதுவும் வேலை செய்யாத பெட்டி. கடைக்கு வந்து அதைப் பிரித்தார். உள்ளே பெருக்கல் குறி போட்ட மூன்று செல்கள் இருந்தன. ஒன்று நடுவில் உப்பியிருந்தது.

கடையில் மச்சினன் இல்லை. வீட்டிலும் இல்லை. மனைவி அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"எங்க அனுப்பின?"

"எனக்குத் தெரியாது. தெரியாம இருக்குறதுதான் நல்லதுன்னு நானே அவன்கிட்ட கேக்கல."

அதற்கடுத்த நாள் அவர் தையல்காரம்மாவைத் தேடிப் போனார். அவள் தன் சித்தி மகள் வீட்டில் தங்கியிருந்தாள். வராந்தாவில், யாருடைய துணியையோ மடியில் வைத்துக் கையால் விளிம்பு தைத்துக்கொண்டிருந்தாள். சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று சித்தி மகள்தான் கொடுத்திருந்தாளாம்.

"வா தம்பி" என்றாள். "காமாலை தேவலையா?"

அவர் நின்றுகொண்டே சொன்னார். உட்கார்ந்து சொல்ல அவருக்குத் துணிச்சல் இல்லை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் செல்லில் ஆரம்பித்து, டிரம், குறி, சாம்பல் என்று ஏதேதோ கலந்து சொல்லிக்கொண்டு போனார். அவள் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"இரு. இரு தம்பி. எனக்குப் புரியல. அப்ப அயர்ன் பாக்ஸ் இல்லையா?"

"இல்லக்கா. அயர்ன் பாக்ஸ் மேசைமேல இருந்துச்சு. தீ மேசைக்குக் கீழருந்து வந்திருக்கு. எங்க பெட்டி இருந்த எடத்துலேர்ந்து."

"நான் அணைச்சிருந்தேனா?"

"அது எனக்குத் தெரியாதுக்கா. ஆனா அதனால ஒண்ணும் ஆகல."

"நான் அணைச்சிருந்தேன்" என்றாள். "சுவிட்சை அணைச்சேன், ப்ளக்கைப் புடுங்கல. அவ்வளவுதான். இந்தக் கையாலதான் அணைச்சேன்." வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதன் பிறகுதான் அழுதாள். கணவர் செத்ததிலிருந்து அவள் அழவே இல்லை என்று சித்தி மகள் பின்னால் எல்லாரிடமும் சொன்னாள்.

அழுது முடித்தபோது அவள் முகம் வேறாகியிருந்தது.

"ஆனா பூட்டினது நான்தானே?" என்றாள். "அதை நீ வந்து எடுத்துட்டுப் போக முடியாதுல்ல?"

முடியாது என்று அவர் தலையசைத்தார்.

"உன் மச்சினன் எங்க?"

"ஓடிட்டான்."

"நீ ஏன் ஓடல?"

"இன்னும் பெட்டிங்க வெளிய இருக்கு. யாரும் தரமாட்டேங்குறாங்க."

"என்னன்னு சொல்லிக் கேட்ட?"

"சர்வீஸ்னு."

அவள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் கூனிக்குறுகிப் போனார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். மடியிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு எழுந்து செருப்பை மாட்டினாள்.

"வண்டியை எடு. நான் கேக்கறேன். முடிச்சுட்டு நீ போலீஸ் ஸ்டேஷனுக்குப் போற. போகலேன்னா நான் போவேன்."

வீடு வீடாக அவள் முன்னால் போனாள். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தார். அவள் அதிகம் பேசவில்லை. கதவு திறந்ததும், "என் வீட்டை எரிச்சது இந்தப் பெட்டிதான். இவரே ஒத்துக்கிட்டார். குடுத்துடுங்க" என்றாள். அவ்வளவுதான். கைக்குழந்தைக்காரி அலறிக்கொண்டு ஓடிப்போய்ப் பெட்டியைத் தொட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து வெளியே வைத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். பிறகு அவர் சட்டையைப் பிடித்தாள். "நேத்தே தெரியும்ல உனக்கு? தெரிஞ்சுக்கிட்டேதானே தொட்டிலைத் தள்ளிப் போடுன்னு சொல்லிட்டுப் போன?" என்று கேட்டுக்கேட்டு உலுக்கினாள். அவர் விடுவித்துக்கொள்ள முயலவில்லை. முடிதிருத்துகிறவர் பெட்டியைக் கொடுத்துவிட்டு, பேட்டரிக்காரர் காலடியில் காறித் துப்பினார். ஒரு வீட்டில் மட்டும் கிழவர் ஒருவர், "நான் வெடிச்சுப் போனா அழ யாரும் இல்ல. காத்து வேணும் எனக்கு" என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தையல்காரம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு ஏதோ சொன்னாள். கிழவர் பெட்டியை அவளிடம் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்ன சொன்னாள் என்று பேட்டரிக்காரர் கேட்கவில்லை.

இப்படிச் சில நாட்கள் போயின. வண்டி நிறைய நிறைய, கடைக்குப் பின்னாலிருந்த காலியிடத்தில் மணலைக் கொட்டி ஒவ்வொன்றாகப் பிரித்தார். பெரும்பாலான பெட்டிகளில் அவர் கையால் தேர்ந்த நல்ல செல்கள்தான் இருந்தன. இன்னும் சில வருடம் விளக்கெரிக்கக் கூடியவை. அவற்றையும் சேர்த்தே மணலில் புதைத்தார். இனி யாருக்கும் அவர் கையால் எதையும் கொடுக்க முடியாது. தையல்காரம்மா தள்ளி ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் முடிந்தபோது ஒரு கணக்கு மட்டும் உதைத்தது. தெருவில் தள்ளுவண்டியில் பழம் விற்ற ஒருவனுக்கு ஒரு பெட்டி கொடுத்ததாக மச்சினன் சொல்லியிருந்தான். அந்தப் பழக்காரன் வேறெங்கோ போய்விட்டான். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஸ்டேஷனுக்குப் போகும் முன் அவர் வீட்டுக்கு வந்து குளித்தார். மனைவி சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

"அவன் பேரைச் சொல்லுவீங்களா?"

"சொல்லாம எப்படி?"

"நானே பண்ணேன்னு சொல்லலாம்ல? உங்க கடைதானே?"

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அதையும் அவர் ஏற்கெனவே யோசித்திருந்தார்.

"கடை என்னுதுதான். டிரம்மைப் பூட்டாம வச்சது நான்தான். குப்பையில பாதி நல்லதுன்னு அவனுக்கு ஓதினதும் நான்தான். அதையெல்லாம் சொல்லுவேன். ஆனா கைய விட்டு எடுத்தவன் அவன். அந்தம்மா ஒரு பொய்யான பழியைச் சுமந்தது போதும். நான் இன்னொரு பொய்யைக் கொண்டுபோய் வைக்க முடியாது."

அவர் படியிறங்கும்போது அவள் வாசலுக்கு வரவில்லை.

கடைக்குச் சீல் வைத்தார்கள். மச்சினனை வேறொரு ஊரில், செல்போன் பழுதுபார்க்கும் கடையில் பிடித்தார்கள். இருவருக்கும் தண்டனை கிடைத்தது, அவனுக்குக் கூடுதல். நீதிமன்றத்தில் அவன் அவரைப் பார்க்கவே இல்லை. அவர் மனைவி தம்பியைப் பார்க்க மாதம் தவறாமல் சிறைக்குப் போனாள். இரண்டு பேரும் ஒரே சிறையில்தான் இருந்தார்கள். புருஷனைப் பார்க்க அவள் மனு போடவே இல்லை. தம்பியைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விடுவாள் என்று வார்டர் சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

தையல்காரம்மா வேறொரு தெருவில் காலால் மிதிக்கும் இயந்திரம் போட்டிருக்கிறாள். பூட்டு வாங்கவில்லை. வெளியே போனாலும் கதவை வெறுமனே சாத்திவிட்டுத்தான் போகிறாள். திருட என்ன இருக்கிறது என்பாள். கடைத்தெருவுக்குப் போகும்போது விளக்கு எரிகிற தள்ளுவண்டியைக் கண்டால் நின்றுவிடுவாள். பழம் வாங்குவதில்லை. குனிந்து வண்டிக்கு அடியில் பார்ப்பாள். "என்னம்மா தேடுற?" என்று கேட்டால், "ஒரு நீலப் பெட்டி" என்பாள்.